குளம் சிவந்தால் முதலில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் பக்கத்துக் குளம் ஒன்று ரத்தம் கலந்தது போலச் சிவந்து கிடப்பதாகவும், ஊர் மக்கள் பயந்து போயிருப்பதாகவும், ஏதோ கழிவு கலந்திருக்கலாம் என்றும் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். படமும் பெரிதாக, நன்றாக வந்திருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று ஒரு வரிகூட இல்லை. நான் எடுத்துப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டையில் எனக்கு செல்போன் பழுது பார்க்கும் கடை. கடுகில் பாதிகூட இல்லாத பாகங்களைச் சூடு காட்டி எடுத்து மாட்டுகிற வேலை என்பதால் மேசை மேல் எப்போதும் ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் நிற்கும், 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், படித்துறையில் குளிக்கப் போனவர் கையிலிருந்து குளத்தில் விழுந்த போன் ஒன்று காலையிலேயே கடைக்கு வந்தது. பிரித்துப் போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்தால், ஷீல்டு என்கிற தகர மூடியின் ஓரத்தில் தேங்கி நின்ற ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஏதோ ஒன்று துள்ளித் துள்ளி ஓடுகிறது. பேரிக்காய் மாதிரி உடம்பு, நெற்றி நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கண், வாலுக்கு இரண்டு பக்கமும் மூட்டை கட்டித் தொங்கவிட்ட மாதிரி முட்டைப் பைகள். வேலையை அப்படியே வைத்துவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்ளாப்ஸ் என்று அதற்குப் பெயர் என்பதும், அந்தக் காலத்தில் உடம்புக்குள் நீளப் புழு வளரும் நரம்புச் சிலந்தி நோய் இதைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கியதால்தான் பரவியது என்பதும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னதும், கிணற்றுக்குள் இறங்கி மொள்ளாமல் பார்த்துக்கொண்டதும் சேர்ந்து, 2000 பிப்ரவரியில் அந்த நோய் இந்தியாவில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஒரு வேட்டித் துணியின் இழைகளுக்கு நடுவே நுழைய முடியாத அளவுக்குப் பெரிய உயிர் அது. வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. இப்போது கடைக்குப் பின்னால் ஒரு மேசை முழுக்க இதற்குத்தான்.

சரி, சிவப்புக்கு வருகிறேன். பிசான அறுப்பு முடிந்து, குளத்தில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கி, வெயில் சுள்ளென்று அடிக்கிற நாட்கள். மாடுகள் நாளெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கின்றன, சாணமும் அதற்குள்தான். செய்தி வந்த அன்று மத்தியானம் ஒரு மணி வாக்கில் போனேன். மடைக்குப் பக்கத்தில், காற்று ஒதுக்கிய மூலையில், செங்கல் பொடியைத் தூவினது போல ஒரு படலம். கரையில் நின்ற ஆச்சி ஒருவர், "தம்பி, கைய வைக்காதடே, என்னத்தக் கலந்தானுவளோ" என்று சத்தம் போட்டார். வாய் அகன்ற பாட்டிலில் படலத்தோடு சேர்த்துப் பாதி மொண்டுகொண்டேன், பாதிக்குக் காற்று விட்டுத்தான் மூட வேண்டும், முழுக்க நிரப்பினால் உள்ளே இருப்பவை மூச்சு முட்டிச் சாகும்.

ஸ்லைடில் ஒரு சொட்டு, மேலே கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டு, 10 மடங்கு லென்ஸ், கண் வைக்கிற லென்ஸ் இன்னொரு 10, ஆக நூறு மடங்கு. பார்த்தால் எல்லாமே உயிர். சுருள்கிறது, நீள்கிறது, பந்தாக உருண்டு ஒரு நொடி நிற்கிறது, மறுபடியும் ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு நகர்கிறது. கோணிப் பைக்குள் பூனைக்குட்டியைப் போட்டால் பை எப்படி நெளியும், அப்படி ஒரு நெளிவு. 40 மடங்கு லென்ஸுக்குப் போனால் ஒவ்வொன்றின் உள்ளேயும் மிளகாய் வற்றல் நிறத்தில் பொடிப் பொடியான துகள்கள் அடைந்து கிடக்கின்றன, அந்தச் சிவப்புக்கு அடியில் பச்சை ஒளிந்திருக்கிறது. யூக்ளினா சாங்வினியா. ஒற்றை உயிரணுப் பாசி இனம்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது, இதை யாரும் மைக்ரோஸ்கோப் இல்லாமலே செய்து பார்க்கலாம். பாட்டிலை நிழலில் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த படலம் மங்கிப் பச்சைக்குப் போய்விட்டது. திரும்ப வெயிலில் வைத்தால் சிவக்கிறது. மறுபடியும் ஒரு சொட்டைப் போட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: நிழலில் அந்தச் சிவப்புத் துகள்களெல்லாம் உடம்பின் நடுவுக்கு ஒதுங்கிவிடுகின்றன, பச்சை வெளியே தெரிகிறது; வெயில் ஏறினால் துகள்கள் ஓரத்துக்கு வந்து பச்சைக்கு மேல் குடை பிடிக்கின்றன. வெயிலில் பச்சையம் பாழாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்தச் சிவப்பில் இருப்பது அஸ்டாசாந்தின் என்ற நிறமி, இறால் வெந்ததும் சிவக்கிறதே, அதே நிறமிதான். ஊரில் பலரும் "காலையில் பச்சையா இருந்த தண்ணி மத்தியானம் ரத்தமாயிருச்சு, சாயங்காலம் திரும்பப் பச்சையாயிருச்சு" என்று சொன்னது கட்டுக்கதை இல்லை. அப்படியே நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ரசாயனம் கலந்திருந்தால் சாயங்காலம் அது எங்கே போகும்?

போனை லென்ஸின் மேல் பொருத்தித் திரையில் ஆச்சிக்குக் காட்டினேன். கரையிலிருந்து கடைக்கே வந்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏ, உயிரோடல்லா நெளியுது. இதுவளா சிவப்பு?" ஆமாம் ஆச்சி என்றேன். "அப்போ மாடு குடிக்கலாமா?" அந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இந்த இனத்தில் சில வகைகள் மீனுக்கு ஆகாத நஞ்சைச் சுரப்பது உண்டு, படலம் உள்ள மூலையை விட்டுத் தெளிந்த பக்கம் ஓட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொன்னேன். பயம் வேண்டாம் என்பதற்காகக் கவனமும் வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது.

ஆனால் அதற்குள் மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் வந்து இறங்கிவிட்டது. யார் கொண்டுவந்தது என்று இங்கே எழுத நான் விரும்பவில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். இரண்டாம் நாள் கெண்டைக் குஞ்சுகள் வயிறு வெளுக்க மிதந்தன. குளோரின் மீனின் செவுளை எரிக்கும். அது மட்டும் இல்லை, பாசியைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த தண்ணீர்ப் பூச்சிகள், சைக்ளாப்ஸ், ரோட்டிஃபர், எல்லாம் அதோடு போயிற்று. நேற்று எடுத்த சொட்டில் ஓடுகிறது எதுவும் இல்லை, அழுகின குப்பையும் பாக்டீரியாவும் மட்டும்தான். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்திருந்தால் அந்த மூட்டைகள் பிரிந்திருக்காது. இதற்காகத்தான் ஐயா எழுதுகிறேன்.

சிவப்பு என்றால் எல்லாம் ஒன்று இல்லை. எங்கள் பக்கத்திலேயே நான் ஆறு வருடத்தில் எத்தனை சிவப்பு பார்த்துவிட்டேன். வயல் ஓரத்துக் குட்டையில் மாட்டுத் தீவனத்துக்காக விட்ட அசோலா என்ற மிதக்கும் செடி வெயில் ஏறியதும் செம்பட்டையாகிவிடும், அதைப் பார்த்து வயலில் நோய் வந்துவிட்டதாகக் கலங்கினவர்கள் உண்டு. அந்த அசோலா இலை ஒன்றைக் கவர் ஸ்லிப்புக்கு அடியில் வைத்து விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், நசுங்கின இலைக்குள்ளிருந்து நீலப்பச்சையாக ஜெபமாலை ஜெபமாலையாகக் கொட்டும். அனபீனா என்ற நுண்ணிய பாசி. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிக் கொடுப்பது அதுதான், மாலையில் இடையிடையே கொஞ்சம் பெரிதாக, வெளிறித் தெரிகிற மணிகளில்தான் அந்த வேலை நடக்கிறது. சாக்கடை ஓரத்துச் சேற்றில் சிவப்பாக நெளிவது கொசு மாதிரியே இருக்கும் ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழு. சேற்றில் காற்று குறைவு என்பதால் நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினே அதன் உடம்பிலும் இருக்கிறது. தண்ணீர்ப் பூச்சி டாஃப்னியாகூட, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அதே காரணத்துக்காக இளஞ்சிவப்பாகும். பாறைக் குழிகளில் மழைத்தண்ணீர் வற்றும்போது ரத்தம் காய்ந்த மாதிரி ஒட்டிக்கிடப்பது பெரும்பாலும் ஹீமட்டோகாக்கஸ் என்ற இன்னொரு பாசி. ஒவ்வொன்றும் வேறு வேறு. கரையில் நின்று பார்த்தால் எல்லாம் சிவப்புதான்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை உங்கள் வாசகர்களில் நிறைய பேர் மறந்திருக்க மாட்டார்கள். 2001 ஜூலை 25 முதல் செப்டம்பர் வரை கேரளத்தில், முக்கியமாகக் கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில், விட்டு விட்டுச் சிவப்பு மழை பெய்தது. வெளுத்த துணியெல்லாம் சிவந்தது. திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் விண்கல் வெடித்த தூசியாக இருக்கலாம் என்றது. மழைத்தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததும், தூசி இல்லை, வித்துகள் என்று தெரிந்து, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் அந்த வித்துகளை வளர்த்தே பார்த்தார்கள், டிரெண்டபோலியா என்ற பாசி முளைத்தது. அந்த நவம்பரில் வந்த அறிக்கையிலும் அதையே எழுதினார்கள். விண்வெளியிலிருந்து வந்த உயிர் என்று வாதாடினவர்களும் இருந்தார்கள், அந்தப் பேச்சு வெகுநாள் ஓடியது. அந்தப் பாசி ஒன்றும் அபூர்வம் இல்லை. புளியரை தாண்டிக் கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவு இறங்குகிற வழியில் மரத்தண்டுகளிலும் ஈரச் சுவர்களிலும் ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் துணி ஒட்டின மாதிரி படர்ந்திருக்கிறதே, பெரும்பாலும் அதுதான். பெயரைக் கேட்டால் பச்சைப் பாசி வகுப்பு, பார்த்தால் ஆரஞ்சு. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். பேனாக்கத்தியால் துளி சுரண்டி ஸ்லைடில் வைத்தால் பாட்டில் பாட்டிலாக அடுக்கின இழைகள், உள்ளே எண்ணெய் மாதிரி ஆரஞ்சுத் துளிகள்.

இந்த மாதிரி ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்தவர் விஞ்ஞானிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் ஒரு துணிக்கடைக்காரர், ஆண்டனி வான் லேவன்ஹூக். துணியின் இழையைப் பார்க்க லென்ஸ் பிடித்துப் பழகின கை. ஊருக்குப் பக்கத்து ஏரி கோடையில் வெண்மையாகி, பச்சைப் பச்சையாக மேகம் மாதிரி மிதக்கும். பனி விழுவதால் அப்படி ஆகிறது என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் 1674இல் ஒரு குப்பியில் அந்தத் தண்ணீரை எடுத்துவந்து, தானே தேய்த்த ஒற்றை லென்ஸில் பார்த்து, சுருள் சுருளாகப் பச்சை இழைகளும் ஓடியாடும் சிற்றுயிர்களும் இருப்பதாக லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். 350 வருடம் ஆகிவிட்டது. நாம் இன்னும் பனி என்றும் கழிவு என்றும் கரையில் நின்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கெல்லாம் பெரிய காசு வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக, நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன்.

முதலில் காசே வேண்டாத வழி. என்னைப் போன்ற கடைகளில் செத்த போன்கள் குவிந்து கிடக்கும். அதில் ஒன்றின் கேமரா லென்ஸை மட்டும் பத்திரமாகக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, உங்கள் போனின் கேமரா மேல் நேர் நடுவாக வைத்து டேப் ஒட்டிவிட்டால், சென்சாருக்கு எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு அகலமான இடம் படம் முழுக்க விரிந்து வரும், நாலைந்து மில்லிமீட்டர். கண்ணாடித் துண்டில் சொட்டை வைத்து அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்தால் சைக்ளாப்ஸும் டாஃப்னியாவும், டாஃப்னியாவின் முதுகில் துடிக்கிற இதயமும், வால்வாக்ஸ் என்ற பச்சைப் பாசி உருண்டைகளும் தெளிவாக வரும். பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி என்பதால் கை ஆடக் கூடாது. கடைக்கு வருகிற பையன்கள் கேட்டால் நானே கழற்றிக் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தை மடித்துச் செய்கிற ஃபோல்ட்ஸ்கோப் என்ற மைக்ரோஸ்கோப்பும் இருக்கிறது, மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த மனு பிரகாஷ் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்து 2014இல் உலகத்துக்குக் காட்டியது, 140 மடங்கு. பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

அதற்கு மேல் போக வேண்டுமானால் மாணவர்கள் பயன்படுத்துகிற சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். நம் நாட்டில் விற்பதில் நிறைய அரியானா மாநிலம் அம்பாலாவில் செய்வது. நான் வாங்கியது பழையது, ஒரு லேப் மூடும்போது கிடைத்தது. 4, 10, 40 என்று மூன்று லென்ஸ் இருந்தால் குளத்தை ஆயுள் முழுக்கப் பார்க்கலாம். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் குளத்துக்குத் தேவைப்படுவது குறைவு, ஓடுகிற உயிரை எண்ணெய்க்கு அடியில் துரத்த முடியாது. பெட்டியின் மேல் 2000 மடங்கு என்று அச்சடித்ததை நம்பி வாங்காதீர்கள். எர்ன்ஸ்ட் ஆபே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1873இலேயே காட்டிவிட்டார், ஒளியின் அலைநீளமே எல்லை போடுகிறது, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான், அந்த மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும். மடங்கைப் பார்க்காமல் லென்ஸின் மேல் அதற்கு அடுத்து எழுதியிருக்கிற 0.25, 0.65 என்ற எண்ணைப் பாருங்கள், நுணுக்கம் அதில் இருக்கிறது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவிடுவது. குளத்து உயிர்கள் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி, வெளிச்சம் அதிகமானால் கரைந்துவிடும். வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சருக்கு அடியில் இருக்கிற துவாரத்தைக் கொஞ்சம் மூடினால் ஓரங்கள் எழுந்து நிற்கும், ரொம்ப மூடினால் நுணுக்கம் போய்விடும், நடுவில் ஒரு இடம் இருக்கிறது, கை தானாகக் கண்டுபிடிக்கும். இன்னும் அழகு வேண்டுமானால் ஒரு பழைய பிளாஸ்டிக் உறையில் வட்டமாகக் கறுப்புக் காகிதம் ஒட்டி அந்தத் துவாரத்துக்கு நடுவில் வைத்துவிடுங்கள். நேர் வெளிச்சம் மறைந்து பக்கவாட்டு வெளிச்சம் மட்டும் போகும். கறுப்பு வானத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒவ்வொரு உயிரும் தானே ஒளிவிடும். நான் முதன்முதலில் ஸ்டென்டார் என்ற எக்காள வடிவ உயிரை அப்படிப் பார்த்த ராத்திரி வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்கிற ஒற்றை உயிரணு அது, விளிம்பில் மயிரிழைகள் வரிசையாக அலையடித்துத் தண்ணீரைச் சுழற்றி உள்ளே இழுக்கிறது.

படம் எடுக்க போன் போதும். கண் லென்ஸின் மேல் சரியாக உட்காருகிற மாதிரி ஒரு பிவிசி பைப் துண்டு வெட்டி, உள்ளே கறுப்பு அடித்து, போனின் பின்னுறையில் ஒட்டிவிட்டேன், ஒரு தடவை நேராக ஒட்டினால் போதும். மெயின் கேமராவை மட்டும் பயன்படுத்த வேண்டும், அகலக் கேமரா வேண்டாம். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு உயிர் ஓடும்போதும் படம் வெளிறும், இருளும். வீட்டு மின்சாரத்தில் எரிகிற மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் வரி வரியாக ஓடும். பவர் பேங்கில் எரிகிற விளக்கு வைத்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. ஓடுகிறதை நிறுத்தக் கொஞ்சம் பஞ்சு இழையைப் பிரித்துச் சொட்டில் போடுங்கள், இழைகளுக்கு நடுவே ஒரு அறை மாதிரி அமைந்து பரமீசியம் என்ற ஒற்றை உயிரணு அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கவர் ஸ்லிப்பின் நாலு மூலையிலும் துளி வாசலின் வைத்தால் பெரிய உயிர்கள் நசுங்காது. வீடியோவாக எடுத்துவிட்டுப் பிறகு நல்ல பிரேமைப் பொறுக்கிக்கொள்வது என் வழக்கம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஜூன் பிறந்து குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டால் மூன்று மாதம் காற்றிலேயே ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். காற்றுப் புகாத பெரிய டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான் வைத்தியம். சட்டை நுனியால் துடைத்துவிடாதீர்கள், போன் கண்ணாடி இல்லை அது.

பூஞ்சை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. நுண்ணோக்கியின் படத்தை நோட்டில் பாகம் குறித்து அழகாக வரைந்திருந்தான். இதுவரை எதைப் பார்த்தாய் என்று கேட்டேன். "பாத்ததில்ல மாமா, அலமாரிக்குள்ள இருக்கு" என்றான். பழுது பார்த்துத் தருகிறேன் என்று அந்தப் பள்ளியில் கேட்டு, ஒரு சனிக்கிழமை போனேன். நான்கு இருந்தன. ஒன்றில் கண்ணாடி ரசம் போயிருந்தது, இரண்டில் 40 லென்ஸ் முழுக்கப் பூஞ்சை, ஒன்று மட்டும் உறைகூடப் பிரிக்காமல் புதிதாக இருந்தது, அதற்குள்ளும் பூஞ்சை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டி வைத்தது என்று புரிந்தது. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டைச் சரி செய்து கொடுத்தேன். அன்றைக்கே பையன்கள் வேலம்பாசி ஒரு கொத்துப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள், ஒரே ஒரு இலை, 40 லென்ஸ். அறைகளுக்குள் பச்சை மணிகள் வரிசையாகச் சுவரோரம் சுற்றிச் சுற்றி வருகின்றன, இலை உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஒரு பெண் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளத் தள்ள அவள் லென்ஸைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஓடுது சார், இன்னும் ஓடுது" என்கிறாள்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். குளம் சிவந்தது, பச்சையானது, நுரைத்தது என்று உங்கள் நிருபர்கள் செய்தி அனுப்பும்போது, அந்தத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களா, பார்த்தால் என்ன தெரிந்தது என்று ஒரு வரி கேட்டு வாங்கிப் போடுங்கள். பக்கத்துப் பள்ளியிலோ கல்லூரியிலோ இருக்கும். எல்லாவற்றுக்கும் இது பதில் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. குடிக்கலாமா, காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்பதற்கு வேறு பரிசோதனை உண்டு. கரைந்துபோன ரசாயனத்தையும் இது காட்டாது. ஆனால் தண்ணீர் முழுக்க நிறமாக இருந்து, சொட்டில் உயிரே இல்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான், அப்போது தாமதிக்காமல் லேபுக்கு அனுப்ப வேண்டும். பச்சை பெயின்ட் கொட்டினது போலக் கெட்டியாக மிதந்து, சொட்டில் புள்ளிப் புள்ளியாக ஒட்டிக்கிடக்கிற மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசிக் கூட்டங்கள் தெரிந்தால், அது ஈரலைக் கெடுக்கிற நஞ்சைச் சுரக்கக் கூடியது, மாடுகளை அண்டவிடக் கூடாது. அதைச் செய்தியாகப் போட்டால் அன்றைக்கே உபயோகம்.

குளத்தில் பவுடர் கொட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாள் பொறுங்கள். பாட்டிலில் மொண்டு பாதியை நிழலிலும் பாதியை வெயிலிலும் வைத்துப் பாருங்கள். வெயிலில் சிவந்து நிழலில் பச்சையானால் அது உயிர். என் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பழுது வேலை எடுப்பதில்லை, யார் எந்தக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரிலிருந்து வந்தாலும் சரி. எடுத்த இடம், நேரம் இரண்டையும் பாட்டிலில் எழுதி ஒட்டிக்கொண்டு வாருங்கள், வண்டி டிக்கியில் வெயிலில் வைக்காமல் ஈரத்துணி சுற்றி எடுத்து வாருங்கள்.

இத்துடன் மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். முதலாவது பவுடர் விழுவதற்கு முன்னால் மத்தியான வெயிலில் எடுத்த சொட்டு. இரண்டாவது அதே சொட்டு, நிழலில் வைத்து எடுத்தது. மூன்றாவது நேற்றைய தண்ணீர். மூன்றிலும் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதை வைத்துத்தான் அளவு தெரியும். பக்கத்துக்குத் தகுந்த மாதிரி படத்தை வெட்டும்போது அந்தக் கோட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
செல்போன் கடை வைத்திருக்கும் உங்கள் வாசகன்,
செங்கோட்டை.